அளவுப் புத்தகம், பக்கம் 41

நடைபாதை. நீளம் முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
அகலம் ஒன்று புள்ளி எட்டு.
ஒரு முனையைத் தீனபந்து பிடித்துக்கொள்கிறான்,
மறுமுனை என்னிடம்.
நடுவில் டேப் துள்ளுகிறது.
பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்றுக்கு
எங்கள் அளவுகளில் நம்பிக்கை இல்லை.

பல்லடம், பதினான்காவது வார்டு.
பூங்கா மேம்பாடு: அறுபத்திரண்டு சதவீதம்.
போன மாதமும் அறுபத்திரண்டுதான்.
நட்ட நூறு புங்கங்கன்றுகளில்
வெள்ளாடுகளின் பங்கு போக எழுபத்தொன்று.
அதை எந்தக் கணக்கில் கழிப்பது என்றால்
கணக்கர் கண்ணாடியைத் துடைக்கிறார்.

கடைவீதியில் பெண்கள் கழிப்பறை.
சித்திரையில் ரிப்பன் வெட்டியாயிற்று.
திறப்பு விழா நடந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை.
சாவி ஒப்பந்ததாரரின் மச்சானிடம்.
மச்சான் மசினகுடியில்.
பூக்கடை சாமியாத்தாள் வழிமறித்தாள்:
"ஏனுங் அம்மிணி, உள்ளுக்குள்ள டைல்ஸெல்லாம்
பளபளன்னு இருக்குதுங்களாமா?
நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க,
நாங்க கேட்டுட்டே அடக்கிக்கறோம்."

அன்று சாயங்காலமே பூட்டை உடைத்தோம்.
புதுப் பூட்டு, எண்ணிக்கை ஒன்று, ரூபாய் இருநூற்றறுபது.
இது என் கைக்காசு,
இந்தப் புத்தகத்தில் வராது.

இருக்கைகள், பதினொன்று.
ஐந்தடி சிமெண்ட், சாய்மானம் உண்டு.
இனம் பதினேழு:
ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்புக் கைப்பிடி.
கை வைக்க அல்ல,
யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்கு.
வரைபடத்தில் அதன் பெயர்
'அலங்கார வேலைப்பாடு'.

புதன்கிழமை விடியுமுன் ஐந்தரைக்கு
குழாய்க் கசிவு பார்க்கப் போனேன்.
கேட் இன்னும் வரவில்லை.
மூன்றாவது இருக்கையில் ஒரு பெண்.
ராத்திரி ஷிப்ட் முடித்த மில் வேன்
இறக்கிவிட்டுப் போயிருக்கும்.
கூந்தலில் பஞ்சு.
டிபன் பையைத் தலைக்கு வைத்து,
முட்டியை மடக்கி,
முதல் டவுன் பஸ் வரும்வரைக்கும்
அந்த ஐந்தடியை முழுசாக எடுத்துக்கொண்டிருந்தாள்.
எங்கோ ஒரு விசைத்தறி
தடக்கு தடக்கு என்றது.
கோழி லாரி ஒன்று இறகு உதிர்த்துக்கொண்டு போனது.
அவள் அசையவில்லை.

டேப் எடுக்காமலே அளந்தேன்.
கைப்பிடி வந்திருந்தால்
சரியாக அவள் விலாவில்.

வெள்ளிக்கிழமை ஆய்வு.
ஆணையர், இரண்டு கவுன்சிலர்கள், ஒரு போட்டோக்காரர்.
ஊஞ்சலை ஆட்டிப் பார்த்தார்கள். கிரீச்.
எண்ணெய் விடச் சொன்னார்கள்.
"நடுவுல கைப்பிடி எங்கம்மா?"
"சப்ளை வரலீங் சார்."
"எப்ப வரும்?"

வாயைத் திறந்தேன். ஆடிக்காற்று முந்திக்கொண்டது.
வரவேற்பு பேனர் நட்ட நடுவில் கிழிந்து
'முன்னே' கம்பத்தில் நிற்க
'ற்றம்' வேப்பமரத்தில் போய் மாட்டியது.
அதைப் பிடிக்க எல்லோரும் ஓடினார்கள்.
தீனபந்துதான் மரமேறி எடுத்தான்.
போட்டோவில் அவன் இல்லை.

எல்லோரும் போன பிறகு எழுதுகிறேன்:
இனம் பதினேழு, செய்யப்படவில்லை.
மிச்சம், பதினொன்று பெருக்கல் எண்ணூற்று நாற்பது,
ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது.
காரணம் என்ற இடத்தில் பேனா சித்த நேரம் நின்றது.
'தேவை எழவில்லை' என்று போட்டேன்.
கையெழுத்து, கு. மயிலாவதி, இளநிலைப் பொறியாளர்.
தணிக்கைக்காரர் வந்து கேட்டால் கேட்கட்டும்.

மத்தியானம் தீனபந்து
கைலியை உதறி விரித்து
ஏழாவது இருக்கையில் படுத்துப் பார்த்தான்.
ஒடியா ஊர்க்காரன், வளர்ந்த ஆள்.
"எப்படிடா?"
"நல்லா இருக்கு மேடம். கால் மட்டும் வெளியே."

பதினெட்டாவது வார்டுக்கு
இன்று எஸ்டிமேட் போடுகிறேன்.
இருக்கை, நீளம்:
ஐந்து என்று எழுதி,
அடித்து,
ஆறு.